இந்த இடைவெளியை வழங்குபவர்

1

யாரும் உதவிக்கு வராமல் இருந்தால் போதும்.

மெத்தைக் கம்பெனி முதலாளியின் அறையில், கண்ணாடி போட்ட பெரிய மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என் நாத்தனார் இப்படித்தான் நினைத்தாள். அல்லது நினைத்ததாக நான் எழுதினேன். எழுதி முடித்ததும் அவளிடமே படித்துக் காட்டினேன்.

"இப்படி நினைச்சியா?"

"இல்ல அண்ணி. ஏசி ரொம்பக் குளிருதேன்னு நினைச்சேன்."

ஆனாலும் அந்த வரியை நான் எடுக்கவில்லை. அவளுக்குக் குளிர்ந்தது உண்மைதான். அந்த அறையில் வேறொன்றும் இருந்தது என்பதும் உண்மை. பக்கத்து நாற்காலியில் நான்தானே இருந்தேன்.

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதமாகத் தொடங்கியது. அந்தச் சந்திப்புக்கு மறுநாள் விசில் சார் போன் செய்தார். அவர் எங்கள் நாடகக் குழுவின் தலைவர். "முதலாளி ஸ்பான்சர் பண்றாரோ இல்லையோ, நம்மளைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினாரு. அதுக்கு ஒரு நன்றி எழுதிடுங்க எழுத்தாளரம்மா. ஒரு பக்கம் போதும்."

எழுத உட்கார்ந்தேன்.

மதிப்பிற்குரிய ஐயா, நேற்று தாங்கள் எங்களுக்கு

அங்கேயே நின்றுவிட்டது. எதற்கு நன்றி என்று எழுதப் போனால் தேநீர் நினைவுக்கு வரவில்லை, உபசாரம் வரவில்லை. ஒரு நாற்காலி திரும்பியதுதான் வந்தது. அதை ஒரு பக்கக் கடிதத்தில் எப்படி விளக்குவது? முன்னால் நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டும். ஆகவே ஐயா, தாங்களும் இதைப் படிக்க நேர்ந்தால், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுத்துக்கொள்வது உங்களுக்குப் புதிதல்ல என்று எனக்குத் தெரியும்.

2

ஒரு விஷயத்தை இப்போதே பேசி வைத்துக்கொள்வோம்.

என் நாத்தனாருக்குப் பேச்சு திக்கும். இதை அச்சில் எப்படிக் காட்டுவது? முதல் எழுத்தை நாலு முறை போட்டு நடுநடுவே புள்ளி வைப்பது வழக்கம். அப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். படித்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் புள்ளிகளே சிரிக்கச் சொல்லிக் கண்ணடிக்கின்றன. அதனால் அவளுக்கு வார்த்தை நிற்கும் இடத்தில் ஒரு வெற்று அடைப்புக்குறி போடுகிறேன். இதோ: [          ]

உள்ளே ஒன்றும் இல்லை என்று தாண்டிப் போகாதீர்கள். உள்ளேதான் அவள் இருக்கிறாள்.*

* மேலே ஏசியைப் பற்றிச் சொன்னபோது எங்கும் நிற்கவில்லையே என்று கேட்பீர்கள். எப்போது நிற்கும், எப்போது நிற்காது என்பது அவளுக்கே தெரியாது. என்னைக் கேலி செய்யும்போது மட்டும் நிற்பதே இல்லை.

3

அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கவுன்டரில் நிற்பாள். ஒருநாள் ஒரு மனிதருக்கு மாத்திரையைக் கொடுத்து, "இதைச் சாப்பாட்டுக்கு [          ]" என்று நின்றாள்.

"அப்புறம்தானே? தெரியும்மா, தெரியும்." அவர் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அது சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை. இவள் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு ஓடி, தெருமுனையில் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, மூச்சு வாங்க, கையால் முன்னே முன்னே என்று காட்டி, கடைசியில் சொல்லியும் விட்டாள். அந்த மனிதர் சட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே."

வீட்டில் இதை அவள் சொன்னபோது என் கணவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. அவர் அவளுக்கு அண்ணன். பள்ளிக்கூட நாளிலிருந்தே தங்கையின் வாக்கியங்களை முடித்து வைப்பது அவர் வேலை. "நான் இவளோட டிரான்ஸ்லேட்டர்" என்பார் பெருமையாக. பாசம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாப்பாட்டு மேசையில் இப்படி நடக்கும்:

"அண்ணா, அந்த [          ]"

"உப்பா?"

"இல்ல, [          ]"

"தண்ணியா? ஃபேனைக் குறைக்கணுமா? சொல்லும்மா, ஃபேன்தானே?"

எழுந்து போய் ஃபேனைக் குறைத்துவிட்டு வருவார். அவள் புழுக்கத்தில் சாப்பிட்டு முடிப்பாள். அன்று அவள் கேட்க வந்தது என்ன என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

4

அச்சகம் ஒன்றின் மாடியில் ஒரு நீளமான அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை நடுங்கும், நாற்காலிகள் தாமாகவே சற்று நகரும். விடுமுறை நாட்களில் அங்கே கூடும் நாடகக் குழுவில் எல்லோருமே திக்கிப் பேசுகிறவர்கள். தொடங்கியவர் விசில் சார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்.

"விசில் இருந்ததால பொழைச்சேன்" என்பார். வார்த்தைகளை ராகம் போல இழுத்துச் சொல்லித் தப்பித்துவிடுவது அவர் பாணி. "ஒரு விசில் அடிச்சா பஸ் நிக்கும், ரெண்டு அடிச்சா போகும். எதுக்குப் பேசணும்?"

"ஸ்டாப் பேரு சொல்ல வேணாமா சார்?"

"ஏறினவனுக்குத் தெரியாதா எங்க இறங்கணும்னு?"

அறையின் சுவரில் ஒரே ஒரு விதி ஒட்டியிருந்தது: முடித்து வைக்காதே. ஒருவர் நின்றால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தலையாட்டக் கூடாது, உதட்டசைக்கக் கூடாது, பரிதாபமாகப் பார்க்கவும் கூடாது. மற்ற நாடகங்களில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருப்பார். இங்கே அப்படி யாரும் கிடையாது.

நாத்தனாரோடு துணைக்கு நான் முதல் முறை போன அன்று, நீதிமன்றக் காட்சி ஒத்திகை. குற்றவாளிக் கூண்டில் நின்ற வாட்ச் ரிப்பேர்க்காரர் வசனத்தின் நடுவில் நின்றுவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். கீழே இயந்திரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. யாரோ ஒருவரின் கையில் டீ ஆடை கட்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்ன பொறுமை, என்ன பண்பு என்று மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். அவர் முகம் சிவந்து, கைகளை விரித்து, ஒரு வழியாகக் கத்தினார்: "யாராவது எடுத்துக் கொடுத்துத் தொலைங்களேன்யா! வசனம் மறந்துபோச்சு!"

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் விசில் சார்.

"அதைச் சொல்றதுலதான்யா [          ] நின்னுபோச்சு!"

அறை முழுக்கச் சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன். என் வீட்டில் யாரும் யாருக்காகவும் இவ்வளவு நேரம் காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. தவறாகக் காத்திருந்ததாகக்கூட நினைவில்லை.

5

(இங்கே நாத்தனாரின் குணத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். "மென்மையானவள்" என்று ஆரம்பித்திருந்தது. அவள் மென்மையானவளா, அல்லது கடுமையாகச் சொல்ல நினைத்ததை எல்லாம் யாரோ மென்மையாக முடித்து வைத்தார்களா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.)

6

அந்த நாடகத்தில் அவள்தான் நீதிபதி. கடைசிக் காட்சியில் எழுந்து நின்று தீர்ப்பு சொல்ல வேண்டும். அவளே கேட்டு வாங்கிய வேடம்.

"ஏன் நீதிபதி?" என்று கேட்டேன்.

"தீர்ப்பு சொல்றப்ப குறுக்க யாரும் பேச மாட்டாங்க அண்ணி."

இதுவரை மாடி அறையில் வீட்டு ஆட்களுக்கு மட்டும் நடித்துக் காட்டியிருந்தார்கள். இந்த முறை ஊர் பார்க்கட்டும் என்று ஓர் அரங்கத்தைக் கேட்டுப் போனோம். அங்கே வாடகை வேளைக் கணக்கு. ஒரு வேளை முடிந்தால் விளக்கை அணைத்துவிடுவார்கள். எங்கள் நாடகம் சில நாள் ஒரு வேளைக்குள் அடங்கும், சில நாள் அடங்காது. வார்த்தைகள் என்ன மனநிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இரண்டாவது வேளைக்கும் சேர்த்து வாடகை கட்டக் குழுவிடம் வழியில்லை.

விசில் சார் அவளிடம் நேராகவே சொன்னார். "ஒரு வேளைக்குள்ள முடிக்கணும்னா, நீதிபதிக்கு நிக்காம பேசற ஆளை வெளியேருந்து கொண்டுவரணும்மா. விளக்கு அணைஞ்சப்புறம் தீர்ப்பு சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குப் பிடிக்கலை. ஆனா வேற வழி தெரியலை."

"சரி சார்" என்றாள்.

'சரி' என்ற சொல் மட்டும் அவளுக்கு ஒருநாளும் நின்றதில்லை. அதை அப்போதுதான் கவனித்தேன். எண்ணெய் தடவியது போல வரும். 'வேண்டாம்' என்ற சொல்தான் முதல் எழுத்திலேயே நின்றுகொள்ளும். இத்தனை வருஷத்தில் அவள் ஏற்றுக்கொண்டவற்றில் எத்தனை, 'வேண்டாம்' வந்து சேர்வதற்குள் அவள் தலையில் விழுந்தவை?

"ஸ்பான்சர் பிடிச்சா?" என்றேன் நான்.

"யார் கொடுப்பா?"

"கேட்டுப் பார்க்கலாம். நல்லா ஒரு விண்ணப்பம் எழுதி."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாக்கியத்தை யாரும் முடித்து வைக்கவில்லை. முடித்து வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

7

முதல் வரைவு:

மழை விட்டிருந்த ஒரு மாலையில், அச்சகத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து ஒரு மௌனம்

என் கணவர் வாங்கிப் படித்தார். அவர் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். இப்படிப்பட்ட தாள்கள் தினமும் அவர் மேசைக்கு வரும்.

"என்ன வேணும்னு எங்க சொல்லியிருக்க?"

"கடைசிப் பக்கத்துல."

"கடைசிப் பக்கம் வரைக்கும் யாரு போவா?"

"கதைன்னா போவாங்க."

"அவங்க கதை படிக்க உட்காரலைம்மா. இவங்க யாரு, என்ன கேக்கறாங்க, எனக்கு என்ன கிடைக்கும். முதல் பக்கத்துல இது இருக்கான்னு பாப்பாங்க. இல்லைன்னா காபி டம்ளர் வச்சுக்க அந்தத் தாள் உதவும்."

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது. கதையில் நான் எதைக் கடைசிவரை மறைத்து வைப்பேனோ, அதை முதல் வரியில் வைக்கச் சொல்கிறது இந்த எழுத்து. கேட்பதை மறைப்பது ஒரு நாகரிகம் என்று வளர்ந்தவள் நான். வீட்டிலும் அப்படித்தான். எனக்கு வேண்டியதைச் சுற்றி வளைத்து, யாராவது கண்டுபிடித்துக் கொடுக்கட்டும் என்று காத்திருப்பேன். கண்டுபிடிக்காவிட்டால் வருத்தப்படுவேன். 'எனக்கு இது வேண்டும்' என்று ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுவது இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது வரைவை இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து எழுதினேன். தங்கப் புரவலர், வெள்ளிப் புரவலர், வெண்கலப் புரவலர்.

"நாம நாடகம் போடறோமா, ஓட்டப் பந்தயம் வைக்கறோமா?" என்றார் விசில் சார்.

வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு வேறு கவலை. "தங்கத்துக்கு முன் வரிசை, சரி. வெண்கலம் கொடுத்தவர் நின்னுக்கிட்டா பாக்கணும்?"

வீட்டில் என் கணவர் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். "பேசாம ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு ஸ்பான்சர் பிடியுங்க. யாராவது நடுவுல நின்னா உடனே மைக்ல, 'இந்த இடைவெளியை உங்களுக்கு வழங்குபவர்...'"

சொன்ன பிறகுதான் தங்கை பக்கத்தில் இருப்பதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது அவள்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அண்ணா, இத்தனை நாள் எனக்காக ஓசியிலயே பேசிட்ட. இப்ப நான் பேசாததுக்குக் காசு கேக்கலாங்கற!"

தலைப்பு அங்கிருந்து எடுத்தது. அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் பங்கு கேட்பார்.

மூன்றாவது வரைவு அழுதது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'இவர்களுக்குக் குரல் கொடுங்கள்' என்று முடியும். நாத்தனார் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, அந்தக் கடைசி வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

"குரல் இருக்கு அண்ணி. [          ] நேரம்தான் இல்ல."

8

ஆக, நாங்கள் கேட்பது நேரம். இந்த ஊரில் நேரம் யாரிடம் இருக்கிறது?

கடைத்தெருவில் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். உடனடி. நிமிடத்தில். காத்திருக்கத் தேவையில்லை. இன்று கேட்டால் இன்றே. கண்ணாடிக் கடை, கூரியர், செல்போன் பழுது பார்க்கும் இடம், எல்லாமே வேகத்தை விற்றுக்கொண்டிருந்தன. கால் வலித்தது. ஒரு மெத்தைக் கடை தெரிந்தது. விண்ணப்பத்துக்காக நுழைந்தேன் என்று சொல்ல ஆசைதான். உட்காரத்தான் நுழைந்தேன்.

"செருப்பைக் கழட்டிட்டுப் படுத்துப் பாருங்க மேடம்" என்றாள் விற்பனைப் பெண்.

"இங்கயா? எல்லாரும் பாக்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடையின் மறுகோடிக்குப் போய்த் தலையணை உறைகளை மடிக்க ஆரம்பித்தாள். கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, ஜன்னலோர மெத்தையில் படுத்தேன். பகலில், நோயில்லாமல், காரணமில்லாமல் நான் எப்போது கடைசியாகப் படுத்தேன்? வீட்டில் நான் படுத்தால் "என்னாச்சு?" என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று நிரூபிக்க எழுந்துவிடுவேன். இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கப்படாமல் இருப்பதில் ஓர் அகலம் இருந்தது. அதில் கை காலை நீட்டிக்கொண்டேன்.

தூங்கிவிட்டேன்.

விழித்தபோது தலையணையில் எச்சில் தடம். ஜன்னல் வெயில் வேறு பக்கம் போயிருந்தது. அந்தப் பெண் அதே இடத்தில், அதே முதுகோடு.

"என்னை ஏன்மா எழுப்பலை?"

"எழுப்பக் கூடாது மேடம். முதலாளி ரூல். படுத்தவங்க பக்கத்துல நிக்கக் கூடாது, அவங்களைப் பாக்கக் கூடாது. அவங்களா எழுந்து வந்தப்புறம்தான் விலையே சொல்லணும்."

"எவ்வளவு நேரமானாலுமா?"

"ஒருத்தர் கடை மூடற வரைக்கும் தூங்கினாரு. முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாரு."

"வாங்கினாரா?"

"தலையணை வாங்கினாரு."

நானும் ஒரு தலையணை வாங்கினேன். எச்சில் பட்டதை வைத்துவிட்டு வர மனம் வரவில்லை.

9

நான்காவது வரைவு, அதாவது நாங்கள் அனுப்பியது:

ஐயா,

உங்கள் கடையில் நான் தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை. நன்றி.

எங்கள் நாடகத்துக்கு அரங்கத்தில் இரண்டாவது வேளைக்கான வாடகை வேண்டும். தொகை கீழே இருக்கிறது.

நாங்கள் திக்கிப் பேசுகிறவர்கள்.* எங்கள் மேடையில் ஒருவருக்கு வார்த்தை நின்றால் மற்றவர்கள் எழுப்புவதில்லை, காத்திருப்பார்கள். உங்கள் கடையின் விதியும் எங்கள் குழுவின் விதியும் ஒன்றுதான். உங்கள் விதியை ஊருக்குக் காட்ட எங்களிடம் ஒரு நாடகம் இருக்கிறது.

உங்களுக்குக் கிடைப்பது: மேடைக்குப் பின்னால் உங்கள் பெயர். வாசலில் உங்கள் மெத்தை ஒன்று, வருகிறவர்கள் படுத்துப் பார்க்க. வருகிறவர்கள் குடும்பமாக வருவார்கள். காத்திருக்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள் என்று நினைக்கிறோம்.

உங்களுக்குக் கிடைக்காதது: நாடகம் எப்போது முடியும் என்ற உறுதிமொழி.

* எனக்குத் திக்காது. 'நாங்கள்' என்று எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க. சந்தா கட்டிடுங்க" என்றார் விசில் சார்.

இத்தனை ஆண்டுகள் எழுதியதில், படிக்கப் போகிறவரை இவ்வளவு யோசித்து நான் எதையும் எழுதியதில்லை. அவர் எதற்குப் பெருமைப்படுவார், எதைக் கண்டு பயப்படுவார், எந்த வரியில் தாளைக் கீழே வைப்பார் என்று. முகம் தெரியாத ஒருவரை மனதில் உட்கார வைத்து அவரோடு சில நாள் குடித்தனம் நடத்தியது போல இருந்தது. இதைக் கற்றுக் கொடுத்ததற்குக் கொள்முதல் பிரிவுக்கும் என் நன்றி. (இதை அவர் படிக்க மாட்டார். கடைசிப் பக்கத்துக்கு அருகில் வந்துவிட்டது.)

10

கூப்பிட்டார்கள். விசில் சார், நாத்தனார், நான்.

முதலாளியின் சட்டைப் பையில் அளவு நாடா எட்டிப் பார்த்தது. எங்கள் தாள் அவர் முன்னால் இருந்தது. அதில் காபி டம்ளர் வைத்த வட்டம் இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

"எந்த மெத்தையில தூங்கினீங்க மேடம்?"

"ஜன்னல் பக்கம் சார்."

"அது நல்ல மெத்தையாச்சே. வாங்கலையே?"

"தலையணை வாங்கினேன்."

"எல்லாரும் தலையணையே வாங்கிட்டுப் போயிடறீங்க" என்றார். நன்றாகச் சிரித்தார்.

விசில் சாருக்குத் தெம்பு வந்துவிட்டது. "சார், இன்னொரு லாபம் இருக்கு. எழுத்தாளரம்மா எழுத மாட்டேன்னுட்டாங்க. மத்த மேடையில உங்க கம்பெனி பேரை ஒரு தடவை சொல்வாங்க. எங்காளு ஒருத்தன் ஒரு தடவை சொன்னாலே நாலு தடவை சொன்ன மாதிரி."

முதலாளி சிரிக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார். நாத்தனார் சிரித்ததும் அவரும் சிரித்தார். நல்ல மனிதர். நான் மனதில் குடிவைத்திருந்தவரைவிடக் கொஞ்சம் வயதானவர், கொஞ்சம் களைத்தவர், நிறைய நல்லவர்.

நாடகத்தின் கதை என்ன, யாருக்கு எந்த வேடம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு தாளை நேராக வைத்தார்.

"கொடுக்கலாம். ஒரே ஒரு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க. கடைசியில தீர்ப்பு சொல்ற இடம் வருதுல்ல. அங்க வார்த்தை வரவே இல்லைன்னா? ஜனங்க எழுந்து போக ஆரம்பிச்சா? பின்னாடி எங்க பேரு பெரிசா தொங்குது. அப்ப என்ன பண்ணுவீங்க?"

கேட்டது நீதிபதியை. விசில் சாரை அல்ல, என்னை அல்ல. அதற்காகவும் அவருக்கு நன்றி.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நாங்க [          ]"

அவர் காத்திருந்தார். வியாபாரத்தில் ஊறியவர். வாடிக்கையாளர் சொல்ல வருவதை முன்கூட்டியே பிடித்துக் கொடுப்பது அங்கே மரியாதை. படுத்திருப்பவரை எழுப்பாதவர்தான், ஆனால் பேச வந்தவர் விஷயம் வேறு என்று நினைத்திருக்கலாம்.

"நிறுத்திடுவீங்களா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"வேற யாராவது வந்து சொல்லி முடிச்சுடுவாங்களா?"

இல்லை.

"நாங்க [          ]"

விசில் சாரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பழைய விசில் இருந்த இடம். அங்கே ஒன்றும் இல்லை என்றதும் கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த வாக்கியத்தின் மீதி தெரியும், அல்லது தெரியும் என்று தோன்றியது. நான் அதை அழகாகச் சொல்லிவிடுவேன். இரண்டு வேளையும் எங்களுக்குக் கிடைத்துவிடும். தீர்ப்பை அவளே சொல்லலாம். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அவள் திக்கி நிற்கிறாளா? சொல்ல வந்தது மறந்துவிட்டதா? அல்லது சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாளா? வாட்ச் ரிப்பேர்க்காரருக்காக நாங்கள் தப்பாகக் காத்திருந்த அந்த நாள் போலவே, வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

11

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவளுக்குத் திடீரென்று பேச்சு வந்துவிடுகிறது. அருவி போலப் பேசுகிறாள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதைப் படித்தால் அவள் என்னோடு பேச மாட்டாள்.

இரண்டாவது முடிவில் நான் பேசிவிடுகிறேன். முதலாளி கையெழுத்துப் போடுகிறார். திரும்பி வரும்போது லிஃப்டில் நான் "தப்பா எடுத்துக்காதே" என்கிறேன். அவள் "சரி அண்ணி" என்கிறாள். அந்தச் 'சரி' எனக்குத் துல்லியமாகக் கேட்டது. பக்கத்தையே கிழித்துவிட்டேன்.

மூன்றாவது முடிவில் முதலாளி

இல்லை. அதற்கு நான் முடிவு எழுத வேண்டியதில்லை. நடந்ததையே சொல்கிறேன்.

முதலாளி எதிரே இருந்த குறிப்புத் தாள் கட்டை எடுத்து, மேலே தன் பேனாவை மூடி கழற்றி வைத்து, மேசைக் கண்ணாடியின் மேல் மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். "சிரமப்படாதீங்கம்மா. எழுதிக் கொடுத்துடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

சொல்லிவிட்டு, அவள் கூச்சப்படாமல் எழுதட்டும் என்று, தன் சுழல் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கடையில் படுத்தவர்களுக்குக் காட்டச் சொல்லிக் கொடுத்திருந்த அதே முதுகு. அந்த முதுகுக்குத்தான் நான் நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் கழித்தும் அதைவிட நல்ல உதவியை நான் பார்த்ததில்லை. அந்த உதவியை மறுப்பதற்குத்தான் எவ்வளவு மனோபலம் வேண்டும்!

வாசகரே, உங்களுக்கும் அந்த வாக்கியத்தின் மீதி தெரிந்திருக்கும். தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். நானும் எழுதப் போவதில்லை. எழுதுவதற்குத்தானே அந்தப் பேனா வந்தது.

அவள் பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல பேனா. கையில் எடுத்தாள். மூடியைத் தேடி எடுத்து, சத்தம் வராமல் மூடினாள். தாள் கட்டின் மேல் அதை நேராக வைத்து, இரண்டு விரலால், கண்ணாடியின் மேல் மெதுவாக, அவருடைய பக்கத்துக்கே திருப்பி நகர்த்தினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

அவர் இன்னும் திரும்பவில்லை.